பசு எங்கே?

பூச்சட்டி மறுபடியும் வராந்தாவில் இல்லை.

கமலவேணி டீச்சர் அதைத் தேடிப் போகவில்லை. ஐந்து வயது ருக்மணி அதை மார்போடு அணைத்துக்கொண்டு, கவுனெல்லாம் மண்ணாக, வகுப்பு நடுவில் நின்றிருந்தாள்.

"நான் என்ன கேட்டேன், நீ என்னத்தக் கொண்டாந்திருக்கே?"

ருக்மணி சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து ஆறு மாதம். மலாக்காவில் காஜா பெராங்கின் அந்தத் தமிழ்ப் பாலர் வகுப்புக்குப் புதிதாக ஓர் உத்தரவு வந்திருந்தது. சின்னப் பிள்ளைகளுக்குப் பரீட்சை கூடாது. விளையாடவிட்டுப் பார்த்துத்தான் எடைபோட வேண்டும். பாயில் பொம்மைகளைப் பரப்பி டீச்சர் ஒரு பேர் சொல்வாள், பிள்ளை ஓடிப்போய் எடுத்துவர வேண்டும். சொன்னது புரியாத பிள்ளைக்கு இந்த வருடம் இடமில்லை. இடத்துக்குக் காத்திருப்போர் வரிசையோ அனுமார் வால்.

"கப்பல்" என்றதும் ருக்மணி கப்பலோடு வந்தாள். "பெட்டி" என்றதும் பெட்டி வந்தது. "குதிரை" என்றால் மட்டும் மரம் மாதிரி நின்றாள். "பசு" என்றாலோ, பாயில் கொம்பும் வாலுமாக நிற்கும் மரப் பசுவைத் தாண்டி ஓடி, பூச்சட்டியைத் தூக்கிவந்தாள். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

கப்பல் தெரிந்தவளுக்குப் பசு தெரியாதா? எல்லாம் கொழுப்பு என்று டீச்சர் முடிவுகட்டினாள். அவள் பிறந்த தஞ்சாவூரில் கைக்குழந்தைகூடப் பசுவைக் காட்டும். இது கம்போங் செட்டி என்ற பக்கத்துக் குடியிருப்பிலிருந்து போன வாரம்தான் வந்து சேர்ந்த பிள்ளை. இன்னும் வாயே திறக்கவில்லை. ஆனால் பேர் ருக்மணி, நெற்றியில் விபூதி, வீட்டை ஒட்டியே கோயில். இந்த வீட்டுப் பிள்ளைக்குப் பசு தெரியாதென்றால் யார் நம்புவார்கள்?

இருந்தும் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. 'சொன்னது புரியவில்லை, இந்த வருடம் வேண்டாம்' என்று தாளில் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தாள். பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் ராஜரத்தினம் வந்து கையெழுத்துப் போட்டால் பிள்ளையின் பேர் போய்விடும்.

வந்தார். தாளைப் படித்தார்.

"என் கண்ணு முன்னால ஒரு தடவ கேளுங்க, டீச்சர்."

டீச்சர் குனிந்தாள். குரல் கெஞ்சியது. "ருக்மணி, கண்ணு, இந்தத் தடவையாவது ஒழுங்கா கொண்டாம்மா. பசு எங்கே?"

பிள்ளை சிட்டாய்ப் பறந்தது. வராந்தாவில் எதையோ தரதரவென்று இழுக்கும் சத்தம் கேட்டது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள்.

இருப்பதிலேயே பெரிய பூச்சட்டி. தூக்க முடியாமல் இழுத்துவந்து டீச்சரின் காலடியில் வைத்துவிட்டு, மூச்சு வாங்க நிமிர்ந்து பார்த்தாள் ருக்மணி.

"பாத்தீங்களா சார்? நான் என்னதான் செய்யட்டும்?" டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் பிள்ளையின் தலையைத் தடவி மலாயில் ஏதோ கேட்டார். ஒரு வாரமாக வாய் திறக்காத பிள்ளை, மலாயில் படபடவென்று பொரிந்து தள்ளியது.

"டீச்சர் மலாக்கா வந்து எத்தன நாளாச்சு?"

"ஒரு மாசம் ஆச்சு, சார்."

அவர் பேனாவை எடுத்து, தாளில் இருந்ததை ஒரே கோடாக அடித்தார்.

"கம்போங் செட்டிக்காரங்க வீட்டுல தலைமுறை தலைமுறையா மலாய்தான் பேச்சு; கப்பல், பெட்டி எல்லாம் அதுலயும் கிட்டத்தட்ட அதே பேரு. மலாய்ல பூச்சட்டிக்குப் பேரே 'பசு'தான், டீச்சர்."