ஐம்பது டிகிரி

சரியான விடை சொன்னதற்காக யாராவது உங்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்களா?

உமைராவைப் பார்த்து வானமாமலை சிரித்தார். வாயால் இல்லை, மூக்கால்.

அம்பர்நாத்தில் அந்த கெமிக்கல் கம்பெனிக்கு அவர்தான் புரொடக்‌ஷன் மேனேஜர். மாட்டுங்காவில் வீடு, காலில் வெள்ளை ஷூ. ஷூ நனைந்துவிடும் என்பதால் பிளான்ட்டின் ஈரத் தரையில் அவர் கால் பட்டு வருஷக்கணக்காகிறது. மாடியில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தே உற்பத்தியை நடத்தி வந்தார்.

உமைரா தாராவியிலிருந்து வந்திருந்தாள். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. இது ஒன்பதாவது இன்டர்வியூ. இதுவும் இல்லையென்றால் அக்காவோடு சேர்ந்து பை தைக்கிற மெஷினில் உட்கார் என்று வாப்பா முந்தின நாளே சொல்லிவிட்டார்.

கேட்ட கேள்வி லேசானதுதான்.

கீழே தொட்டியில் கழிவு கந்தக அமிலம் இருக்கிறது. அதில் தண்ணீர் சேர்த்து, காஸ்டிக் கரைசலை ஊற்றி அமிலத்தை முறித்துவிட்டுத்தான் வெளியே விட வேண்டும். முறியும்போது சூடு கிளம்பும். அந்த என்தால்பி மாற்றம் எவ்வளவு, தொட்டி எத்தனை டிகிரிக்குப் போகும்?

அளவுகளைக் கொடுத்தார். உமைரா பத்து நிமிஷத்தில் போட்டு முடித்தாள். முப்பதில் ஆரம்பித்தால் எழுபது என்றாள்.

அப்போதுதான் அந்தச் சிரிப்பு.

மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவி அவள் பக்கம் திருப்பினார். பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவர் கையால் போட்ட கணக்கு. சாமி படத்தை விடப் பத்திரமாக வைத்திருந்தார். கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. ஐம்பது.

"ஏம்மா, எழுபதுக்குப் போனா அந்த பிளாஸ்டிக் தொட்டி அல்வாவாயிருக்காதோ? எங்க படிச்ச, தபால்லயா?"

உமைரா தாளைப் பார்த்தாள். ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

கந்தக அமிலத்தின் ஒரு மூலக்கூறில் முறிய வேண்டிய ஹைட்ரஜன் இரண்டு. ஒரு மோல் அமிலத்தில் முதல் ஹைட்ரஜனுக்கு ஐம்பத்தேழு கிலோஜூல், அடுத்ததற்கும் ஐம்பத்தேழு. சேர்த்தால் நூற்றுப் பதினாலு. மேனேஜர் முதல் ஐம்பத்தேழோடு எழுந்து போய்விட்டார்.

பதினோராம் வகுப்பில் இந்தத் தப்பைச் செய்தால் மார்க் போய்விடும். இங்கே செய்தால் மேனேஜராகவே இருக்கலாம் போல.

"சார், இதுல ரெண்டு ஹைட்ரஜன்..."

"நீயும் பேச வேண்டாம், நானும் பேச வேண்டாம். மீட்டர் பேசட்டும்."

கண்ணாடிச் சுவரில் ஒரு டயல். தொட்டியின் சூட்டை அது மாடிக்கே கொண்டுவந்து காட்டும். கீழே காலை பேட்ச் முடிகிற நேரம். முள் நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு என்று ஏறி, ஐம்பதில் நின்றது. நின்றேவிட்டது.

வானமாமலை அந்த முள்ளைத் தானே பெற்று வளர்த்தவர் மாதிரி பார்த்தார்.

"பதினாலு வருஷமா ஒரு டிகிரி தப்பினதில்ல. வேணும்னா கீழ போய்க் கிட்டக்க பாத்துக்கோ. அப்படியே கேட்டைத் தாண்டினா ஸீதா, நேரா ஸ்டேஷன்தான்."

உமைரா படியிறங்கினாள். காது இரண்டும் எரிந்தது. ஐம்பத்தேழும் ஐம்பத்தேழும் அம்பர்நாத்தில் மட்டும் நூற்றுப் பதினாலு ஆகாதா?

தொட்டியைச் சுற்றி வந்தாள். பின்பக்கம் ஒரு நனைந்த சாக்கு கிடந்தது. சாக்கெல்லாம் மரத்தூள். பக்கத்தில் ஒரு கடப்பாரை. கடப்பாரைக்குக் கீழே உள்ளங்கையளவு ஐஸ் துண்டு ஒன்று உருகிக்கொண்டிருந்தது.

ஆபரேட்டர் மாரீஸ்வரன் அதைக் காலால் சாக்குக்கு அடியில் தள்ளினார். கொஞ்சம் தாமதமாகத் தள்ளினார்.

"அண்ணாச்சி, தண்ணிக்குப் பதிலா ஐஸா போடுதீய?"

அவர் மாடிக் கண்ணாடியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"ஒரு பேட்சுக்கு ஒரு முழுப் பாறை. உடைச்சுப் போட்டாத்தான் அம்பதுல நிக்கும். பழைய தொட்டி வெந்து வயிறு தள்ளிப் போச்சும்மா. போய்ச் சொன்னா, குழாயை வேகமாத் தொறந்திருப்பீயன்னு எங்களத்தான் ஏசினாரு. அதுல இருந்து அவரு கணக்கை நாங்க தப்ப விட்டதில்ல. ஸ்டோர்ல கேட்டா சர்பத்துக்குன்னு சொல்லுவோம்."

"நான் இப்பப் போய்ச் சொல்லிரட்டா?"

"சொல்லேன். நாளைக்கு ஐஸ் இல்லாம ஓட்டிக் காட்டுங்கலேம்பாரு. தொட்டிகிட்ட நிக்கப் போறது அவரா?"

கேட் இடது பக்கம். படி வலது பக்கம்.

சாக்குக்கு அடியிலிருந்து தண்ணீர் ஓடி வந்து உமைராவின் செருப்பை நனைத்தது.

பிறகு படியேறினாள்.

"சார், ஒண்ணையே ரெண்டு தடவ கூட்டிட்டேன். உங்க கணக்குதான் சரி."

வானமாமலையின் முகம் அப்படி மலர்ந்ததை அந்த ஆபீஸ் பார்த்ததில்லை. தாளை மறுபடி கண்ணாடிக்கு அடியில் செருகினார். அது கோணலாக இருக்கிறதா என்று பார்த்தார்.

"தப்பை ஒத்துக்கத் தெரியணும். அதுக்குப் பேர்தான் சயன்ஸ்," என்று சொல்லிவிட்டு அவளுக்கும் சேர்த்து டீ சொன்னார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு உமைரா ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டாள். ஏழே காலுக்கு ஐஸ் உடைத்தாள்.