உங்களுக்கென்றே ஒரு மணி நேரம்

“எங்க வலிக்குதுன்னு கூச்சப்படாமச் சொல்லுங்கம்மா. ஆளுக்கு ஏத்த மாதிரிதான் நான் செய்யறது” என்றார் மசாஜ்காரர்.

அவள் குப்புறப் படுத்திருந்தாள். தலைமுடியைத் துண்டால் சுற்றி, முகத்தைக் கட்டிலின் வட்ட ஓட்டைக்குள் புதைத்திருந்தாள். அறையில் மங்கலான வெளிச்சம், கூடவே எங்கிருந்தோ புல்லாங்குழல்.

“வலது தோள்பட்டை.” ஜலதோஷத்தில் குரல் கட்டிப்போயிருந்தது. ஓட்டை வழியாகத் தரைக்குப் போய்த்தான் அது அவர் காதுக்கு வந்தது.

இங்கே இவரைப்போல் கேட்டுக் கேட்டுச் செய்கிறவர் கிடையாது என்று வரவேற்பில் இருந்த பெண் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தாள். பொய்யில்லை. எண்ணெய் சூடு போதுமா, அழுத்தம் அதிகமா, ராத்திரி எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீர்கள் என்று ஒன்றுவிடாமல் கேட்டார்.

“இடது பக்கம். சுவரைப் பார்த்து” என்றாள்.

ஓட்டை வழியாக அவருடைய செருப்பு மட்டும் தெரிந்தது. அறுந்த வாரில் கறுப்பு நூல் தையல். இன்னும் கொஞ்சம் நெருக்கமாகப் போட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அவருடைய கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது. “அடேயப்பா, கல்லு மாதிரி இருக்கே! இது இன்னைக்கு நேத்து வந்த வலி இல்லீங்க. வீட்டுல யாரும் கவனிக்கலையா?”

“வீட்டுக்காரர் இருக்கார். வந்ததும் டிவி முன்னால உட்கார்ந்துடுவார். நாள் பூரா பேசிப் பேசி வாய் வலிக்குதாம்.”

மசாஜ்காரர் உச்சுக்கொட்டினார். “சில பேர் அப்படித்தாங்க. பிடிச்சு வச்ச பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பாங்க. பொண்டாட்டிகிட்ட ரெண்டு வார்த்தை கேட்டா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா? மனசுல போட்டு வச்சிருக்கறதெல்லாம் தோள்லதாம்மா வந்து உட்காரும். சொல்லிடுங்க, இறங்கிடும்.”

அந்தக் கல் அவர் விரலுக்கு உண்மையிலேயே இளக ஆரம்பித்தது. இவ்வளவு அக்கறையாகக்கூட ஒரு ஆம்பளையால் கேட்க முடியுமா என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மனசுவிட்டுப் பேசினாள். முடியைப் பாதியாக வெட்டிக்கொண்டு வந்து நின்றாலும் சரி, ஜுரத்தில் சுருண்டு படுத்தாலும் சரி, வீட்டுக்காரரிடமிருந்து வருவது ‘சாப்பாடு ரெடியா?’ என்ற ஒரே கேள்விதான் என்றாள்.

“த்சொ, த்சொ” என்றார் அவர். முதுகுக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டார்.

“பெட்டி கட்டிட்டேங்க. நாளைக்கு எங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பறேன். திரும்பி வர்றதா இல்ல. என்னைக் கொஞ்சமாவது கவனிச்சா இருந்துடலாம்னு ஒரு நப்பாசை இருந்தது. இங்க வந்து படுத்தப்புறம் அதுவும் போயிடுச்சு.”

விரல்கள் ஒரு கணம் நின்றன. மசாஜ்காரருக்கு நிஜமாகவே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவசரப்படாதீங்கம்மா. குடும்ப விஷயம். உங்க வீட்டுக்காரர்கிட்ட இதையெல்லாம் ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

அவள் ஓட்டையிலிருந்து முகத்தை எடுத்து, அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“இப்பத்தானே சொல்லிட்டிருக்கேன்.”