பாதியில் நின்ற மெர்ஜ்

"மச்சி, வசமா மாட்டிக்கிட்டா சிம்ரா!"

தெருமுனைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த ஹரி, ஆபீஸ் பொதுக் கம்ப்யூட்டர் முன்னால் துள்ளிக் குதித்தான்.

பாண்டி பஜார் ஜவுளிக்கடை ஒன்றுக்கு பில்லிங் சாஃப்ட்வேர். நாளைக்கு ஆடித் தள்ளுபடி ஆரம்பம். ஹரி எழுதியதையும் சிம்ரா எழுதியதையும் ஒன்றாகச் சேர்த்து, அதாவது 'மெர்ஜ்' செய்து, இன்றே அனுப்பியாக வேண்டும். டீம் லீடர் யார் என்று சாயங்காலம் முதலாளி தனபாலன் சொல்லப்போகிறார். போட்டி இவர்கள் இருவருக்கும்தான்.

"பாரு, மெர்ஜை ஆரம்பிச்சுட்டு அப்படியே போட்டுட்டுப் போயிட்டா! இதை முடிக்கிற வரைக்கும் ஒண்ணும் அனுப்ப முடியாது. இவ லீடராம்!"

பக்கத்து சீட்டிலிருந்து நதீம் எட்டிப் பார்த்தான். "ஏதாச்சும் காரணம் இருக்கும்டா. அவகிட்ட ஒரு வார்த்தை கேளேன்."

"கேக்கறதாவது! பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கு. விடுவேனா?"

மாடிக்கு ஓடினான். திரும்பி வந்தபோது பின்னாலேயே தனபாலன் மூச்சு வாங்க வந்தார்.

"எங்க நிக்குது? பெரிய ஸ்கிரீன்ல போடு, எல்லாரும் பாக்கட்டும்."

அதற்குத்தானே காத்திருந்தான்! போட்டான்.

இருவரும் எழுதியதில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடம் திரையில் விரிந்தது. மேலே சிம்ரா எழுதியது, கீழே ஹரி எழுதியது.

தனபாலன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"மூணு புடவை எடுத்தா, விலை கம்மியானது ஃப்ரீ. சிம்ரா சரியாத்தான் எழுதியிருக்கு. நீ என்னப்பா, விலை ஜாஸ்தியானதை ஃப்ரீயாக்கி வச்சிருக்கே? பட்டுப்புடவையைச் சும்மா தூக்கிக் குடுத்துட்டு பூனம் புடவைக்கு பில் போடுவாங்களா? நாளைக்குக் கடைக்காரர் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாரு!"

"சார்... அது... அவசரத்துல மாறிப்போச்சு..." ஹரி இழுத்தான்.

சிம்ரா உள்ளே வந்தாள். திரையைப் பார்த்ததும் திடுக்கிட்டு நின்றாள்.

"ஏம்மா, தப்பைக் கண்டுபிடிச்சே. திருத்தி முடிக்காம ஏன் பாதியில எழுந்து போனே?"

அவள் தயங்கினாள். "நான் முடிச்சா, யார் எதைத் திருத்தினாங்கன்னு கம்ப்யூட்டர்ல என் பேர்ல பதிவாயிடும் சார். ஹரி தப்பை நான் திருத்தினேன்னு எப்பவும் அதுல இருக்கும். இன்னிக்குப் பார்த்து அது வேணாமேன்னு..."

"அதுக்கு?"

"அவரையே சத்தமில்லாம திருத்திடச் சொல்லலாம்னு, கீழ டீக்கடையில அவரைத் தேடிட்டுத்தான் வரேன் சார்."