லைசென்ஸ் உள்ள செடி

“இதுல ஒரு இலையைத் தொட்டீங்கன்னா நடக்கறதே வேற! லைசென்ஸ் குடுத்தது தமிழ்நாட்டு சர்க்காரு சார்!”

மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் வேணுவின் குரல் வைத்தியர் வீட்டுத் தோட்டத்திலிருந்து வாசல் பெஞ்சு வரை கேட்டது. கவிதா பதறி எழுந்தாள். பள்ளிப்பட்டில் அவள் அம்மாவுக்கு வயிற்றில் புற்று. சித்த வைத்தியர் ஷண்முகசுந்தரத்தின் கஞ்சா இலை லேகியம் சாப்பிட்டால்தான் வலி அடங்கித் தூங்குவாள். டப்பா நேற்றே காலி; அதை வாங்கத்தான் வந்திருந்தாள்.

“சட்டம் டெல்லி போட்டது. உங்க லைசென்ஸ் செல்லாது,” என்றது உடைந்த தமிழில் இன்னொரு குரல்.

கவிதா நடையிலிருந்து எட்டிப் பார்த்தாள். சென்னைத் துறைமுகத்தில் போதைப் பவுடர் பிடிக்கும் மத்திய அதிகாரி. கையில் ஒரு கஞ்சா இலையின் படம். அவரை மறித்துக்கொண்டு, பாத்திக்கு முன்னால் கைகளை விரித்து வேணு நின்றிருந்தார். அவர் மறைத்ததில் செடிகள் அவள் கண்ணில் படவில்லை.

இத்தனை ரகளையிலும் வைத்தியர் மனைவி தேவசேனா கிணற்றடிக் கொடியில் புடவைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் காய்ந்த புடவைகள்.

“இன்னாக்கா, இப்ப போயி துணி காயப் போட்டுகினு இருக்கீங்க?”

“நீ சும்மா இரு கவிதா.”

“உங்க ஊருச் சட்டத்தை உங்க ஊருல வெச்சுக்கோங்க சார்!” வேணு இன்னும் உரக்கக் கத்தினார்.

அதிகாரியின் முகம் சிவந்தது. படத்தை ஒரு முறை பார்த்தார். வேணுவின் தோளுக்கு மேலாகப் பாத்தியை ஒரு முறை பார்த்தார். வேணுவைப் பிடித்துத் தள்ளினார்.

“எல்லாம் பிடுங்கு!”

கூட வந்த இரண்டு இந்திக்காரர்களும் வேரோடு பிடுங்கிச் சாக்கில் திணித்தார்கள். வைத்தியர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சாக்கின் வாயைக் கட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். ஜீப் போய்விட்டது.

கவிதாவுக்குத் தாங்கவில்லை. “வாய் கிழியக் கத்துனீங்களே சார், இன்னா பிரயோஜனம்? எங்கம்மா இன்னிக்கு ராத்திரிக்கு இன்னா பண்ணுவாங்க?”

வேணு தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். “நான் கத்தலைன்னா அந்தாளு இலையை மோந்து பார்த்திருப்பான்மா. நான் மறிச்சதாலதான் இதுதான் அதுன்னு முடிவு பண்ணிட்டான்.”



தேவசேனா கொடியிலிருந்து புடவைகளை உருவினாள். பின்னால், கிணற்றுச் சுவரை ஒட்டி, கஞ்சாச் செடிகள் ஓர் இலைகூட வாடாமல் நின்றன.

“அப்ப சாக்குல போனது?”

“நம்ம புளிச்சக்கீரை. அதுக்கும் இதே ஜாடை இலைதானே,” என்ற தேவசேனா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். “இவரு அழுதது மட்டும் நிஜம். அந்தக் கீரைத் தொக்குன்னா உசுரு.”