இன்னும் ஒன்று குறைகிறது

"மறுபடியும் ஒண்ணு குறையுதுங்க!" போனில் கிட்டத்தட்ட அழுதாள் வானிலைக்காரி.

மலை உச்சியில் இருந்த அந்த வானிலை நிலையத்தில் காற்றுக்குப் பஞ்சமில்லை, இணையத்துக்குத்தான் பஞ்சம். புது லினக்ஸ் கணினியில் மழை வரைபட மென்பொருளை ஏற்ற வேண்டுமென்றால், அடிவாரத்தில் கணினிக் கடை வைத்திருப்பவன் அதற்கான பேக்கேஜ்களை, அதாவது ஒன்றை ஏற்றினால் இன்னொன்றைக் கேட்கும் மென்பொருள் துண்டுகளை, இணையத்திலிருந்து இறக்கி, பென்டிரைவில் போட்டு, மேலே கொண்டுவர வேண்டும்.

"இதோ கிளம்பிட்டேன்!" குறைவது எது என்று கேட்கக்கூடப் பொறுமையில்லாமல் போனை வைத்தான் கடைக்காரன்.

அவள் கண்ணைத் துடைக்கவில்லை. துடைக்க ஒன்றும் இல்லை. கண்ணாடி முன் ஓடிப்போய்த் தலையை வாரிக்கொண்டாள்.

ஒரே கட்டளையில் வேண்டிய பேக்கேஜ்கள் அத்தனையும் மொத்தமாக இறங்கிவிடும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஆனால் மூச்சு விடவில்லை. சொன்னால் மனுஷன் ஒரே நடையில் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவானே!

மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். பென்டிரைவைச் செருகினான். கணினி சமர்த்தாக வாங்கிக்கொண்டு, அடுத்ததைக் கேட்டது.

"அடடா!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அந்த நேரம் பார்த்தா விடுப்பு முடிந்து அதிகாரி உள்ளே நுழைய வேண்டும்? திரையைப் பார்த்ததும் அவர் முகம் கடுகடுத்தது.

"என்னப்பா, தவணை முறையிலயா கொண்டு வர்றே? எல்லாத்தையும் மொத்தமா இறக்கிட்டு வந்து இங்க இன்ஸ்டால் பண்ண வேண்டியதுதானே? இதுகூடத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா கடை? இனிமே வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அவன் தலைகுனிந்து நின்றான். அவள் இருவருக்கும் நடுவே வந்து நின்றாள். தன் கள்ளத்தனத்தால் அவன் பிழைப்பில் மண் விழுவதா?

"அவரைத் திட்டாதீங்க சார்! மொத்தமா இறக்கலாம்னு எனக்கு முன்னாடியே தெரியும். அவர் அடிக்கடி வரட்டுமேன்னு நான்தான் வாயைத் திறக்கல."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. மேசைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

அவன் மெல்ல நிமிர்ந்தான். காது மடல்வரை சிவந்திருந்தது. வாயெல்லாம் பல்.

"எல்லாத்தையும் முதல் நாளே இறக்கிட்டேன் சார்."