பக்கத்து வீட்டு மேசை

வேல்ஸ் நாட்டுக் கிராமம் ஒன்றில், மலையடிவாரத்து விடுதி வீட்டுக்கு லண்டன் தமிழ்க் குடும்பங்கள் சில விடுமுறைக்கு வந்திருந்தன. கணவன் இறந்தபின் எங்கும் போகாதிருந்த வசுந்தராவையும் தோழி ஹேமலதா வற்புறுத்தி அழைத்து வந்திருந்தாள். காலையில் தனியே நடந்துவிட்டுத் திரும்பிய வசுந்தரா, பனிமூட்டத்தில் ஒரே மாதிரித் தெரிந்த வரிசை வீடுகளின் கதவுகளில் ஒன்றைத் திறந்து உள்ளே போனாள். முன்பின் அறியாத வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தது.

"மன்னிச்சிருங்க, வீடு மாறி வந்துட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லி அவள் திரும்புவதற்குள், கிழவர் ஒருவர் எழுந்து தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மேகன், ஏன் இவ்வளவு நேரம்?"

அவருடைய மகள் வசுந்தராவின் காதருகே வந்தாள். "கொஞ்சம் உக்காருங்களேன். மேகன் எங்க அம்மா, இறந்துட்டாங்க; அப்பாவுக்கு அது ஞாபகமில்லை. நேத்துலேருந்து எதுவும் சாப்பிடலை."

வசுந்தரா உட்கார்ந்தாள். கிழவர் ரொட்டியில் வெண்ணெய் தடவி, பாதியை அவள் தட்டில் வைத்துவிட்டு மீதியைத் தின்னத் தொடங்கினார். அவள் தட்டில் இப்படி ஒருவர் எடுத்து வைத்து வெகுநாளாகியிருந்தது.

வெளியே ஹேமலதா, "வசு, வசு" என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். கிழவர் மெல்வதை நிறுத்தினார்.

"யாரைத் தேடுறாங்க?"

வசுந்தரா கதவைப் பார்த்தாள்.

"தெரியலையே" என்றாள். "நீங்க சாப்பிடுங்க."