நாலு மணிச் சங்கு

"எழுதிக் கொடுத்துவிடு லோகநாதா. சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்று இரண்டே வரி. நற்சான்றிதழ் நான் தருகிறேன். விசாரணை என்று வந்தால் உனக்குத்தான் அசிங்கம்."

மேலாளர் சுப்பராயன் இவ்வளவு கனிவாகப் பேசி லோகநாதன் கேட்டதில்லை. மைக்கூட்டையும் பேனாவையும்கூட அவரே நகர்த்தி வைத்தார்.

"வூட்ல ஒரு வார்த்தை கேட்டுகினு வந்துடறேன் சார்."

"கேள். ஆனால் நாளைக் காலைக்குள். தலைமை அலுவலகத்து அதிகாரி வந்துவிட்டால் என் கையில் ஒன்றுமில்லை."

திருவொற்றியூரில் தகர டப்பாக்கள் செய்யும் தொழிற்சாலை அது. பாய்லரைப் பார்த்துக்கொள்வதும், மாலை ஐந்து மணிக்குச் சங்கு ஊதுவதும் லோகநாதனின் வேலை. யுத்தத்துக்காகச் சர்க்கார் எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்தபோது, பாய்லர் அறைக் கடிகாரத்தை மட்டும் அவன் தொடவில்லை. அதைப் பழைய நேரத்திலேயே ஓடவிட்டு, மனத்துக்குள் ஒரு மணி கூட்டிக்கொண்டான். அது நாலு காட்டினால், ஐந்து என்று கொண்டு சங்கு ஊதுவான்.

யுத்தம் முடிந்தது. ஊர்க் கடிகாரங்கள் பழைய நேரத்துக்குத் திரும்பின. கூட்டல் இனித் தேவையில்லை. ஆனால் நேரம் மாறிய அந்தத் திங்கட்கிழமை, பாய்லர் அறைக் கடிகாரம் நாலு காட்டியதும் பழகிய கை சங்கின் சங்கிலியை இழுத்துவிட்டது.

தொழிற்சாலை ஒரு மணி நேரம் முன்பாகவே காலியாயிற்று. மூன்று வருஷமாக வீடு திரும்பிய அதே வெயில், அதே சங்கு. ஒருவருக்கும் சந்தேகம் எழவில்லை.

வீட்டில் அவன் மனைவி தாயம்மாவுக்கு அதை நினைத்துச் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

"பக்கத்து வூட்டு கெங்கம்மா புருசன் இன்னா சொல்றான் தெரியுமாய்யா? காலைல ஒரு மணி நேரம் கூடத் தூங்கிட்டுப் போனேன், சாயங்காலம் எப்பவும்போல வந்துட்டேன், சண்டை முடிஞ்சதே இதுக்குத்தான்னு பூரிச்சுப் போறான். டெய்லி இப்டியே ஊதச் சொல்றான் உன்னை!"

"ஒனக்குச் சிரிப்பா கீது. நான் எழுதிக் குட்த்துர்றேன், தாயம்மா."

"எதுக்கு எழுதணும்? திருடினியா? குட்ச்சிட்டு ஊதினியா? விசாரணைல போயி, பழக்கதோசம் சார்னு நின்னு சொல்லு."

"விசாரணைன்னா ஒங்கண்ணனைக் கூப்புடுவாங்க. அன்னிக்குக் கேட்டுல நின்னது அவருதானே."

"கூப்புடட்டுமே! எங்கண்ணன் ஒனக்கு எதிராவா பேசப்போவுது?"

"ஒங்கண்ணனுக்குப் பொய் வராது. அதான் பேஜாரு."

தாயம்மாவின் சிரிப்பு அத்துடன் நின்றது.

அவள் அண்ணன், வாட்ச்மேன் கோதண்டம், அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் வந்தார். லோகநாதன் பாதி எழுதி வைத்திருந்த தாளை எடுத்துப் பார்த்தார். நாலாகக் கிழித்தார்.

"இன்னா மாப்ளே, என் வாய்க்கு பயந்துகினு ஓட்றியா? நாளைக்கு ஒயுங்கா விசாரணைக்கு வர்ற. அவுங்க கேப்பாங்க. நான் பாத்ததைச் சொல்லுவேன்."

"வாணாம் மச்சான். நீ வாயைத் தொறந்தா கெட்டுது."

"தொறப்பேன்."

"இன்னாண்ணா இது? தங்கச்சிக்குத் தாலி கட்டினவன்னுகூடப் பாக்கமாட்டியா?" என்றாள் தாயம்மா.

"சோத்தைப் போடு" என்றார் கோதண்டம்.

சாப்பிட்டார், மீன் குழம்பில் உப்பு கம்மி என்றும் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு தாயம்மா தன் அண்ணனைத் திட்டிய திட்டை இங்கே எழுதுவதற்கில்லை.

மறுநாள் விசாரணை. தலைமை அலுவலகத்து அதிகாரி சங்கரநாராயணன் வயதானவர். எதையும் இரண்டு முறை கேட்பவர். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் சுப்பராயன்.

லோகநாதன் எதையும் மறைக்காமல் சொன்னான்.

"ஆக, மூன்று வருஷம் மறக்காமல் கூட்டினாய். கூட்ட வேண்டாம் என்பதைத்தான் மறந்தாய். அப்படித்தானே?"

"ஆமா சார்."

அதிகாரியின் மீசை துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நேரம் பார்க்காமல் ஊதியது இவன் பிழை. நேரம் பார்க்காமல் ஓடியது மற்றவர்கள் பிழை. இரண்டும் ஒன்றுதான். முதலில் கேட்டைத் தாண்டியவர் எவரோ, அவருக்கு என்ன தண்டனையோ அதுவே இவனுக்கும். இதுதான் என் தீர்ப்பு. என்ன சொல்கிறீர், சுப்பராயன்?"

"அதெல்லாம் எதற்கு, சார்? கும்பலாகப் போயிருப்பார்கள். யாரென்று கண்டது? பாவம், இவன் ராஜினாமா கொடுப்பதாகத்தான் இருந்தான்."

"கேட்டில் நின்றவருக்குத் தெரியாமலா இருக்கும்? அவரைக் கூப்பிடுங்கள்."

கோதண்டம் வந்து நின்றார். லோகநாதன் அவரைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவன் கண்கள் கெஞ்சின.

"திங்கட்கிழமை சங்கு ஊதியதும் முதலில் வெளியே போனது யார்?"

கோதண்டம் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நான் இதைச் சொன்னா என் வேலை பூடும்னுதான் சார் எம்மாப்ளே ராஜினாமா எழுதினான். போனா பூட்டும்."

"பயப்படாமல் சொல்லும். யார்?"

"கேட்டை முழுசாத் தொறக்கக்கூட வுடல சார். காருல ஆரன் அட்ச்சிக்கினே பூட்டாரு. தோ, ஒங்க பக்கத்துல குந்திகினு கீறாரே, அவருதான்."